கட்டியக்காரன் சொன்ன மரம்

கூத்து நடக்கும்போது காப்புக் கட்டியவர் பாதியில் எழுந்து போகக் கூடாது. எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் தூதுக் கூத்தன்று என் வீட்டுக்காரர் எழுந்து போனார். போனதைவிடப் போன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சும்மா காலாற நடப்பவர் மாதிரி மெதுவாகப் போனார். அவர் மெதுவாக நடக்கிற ஆளே இல்லை.

அவர் பெயர் முத்துகிருஷ்ணன். வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அம்மன் கோயில் காரியம் எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். எழுபத்தொன்பதாம் வருஷம் ஏரி நிரம்பி நன்றாக விளைந்ததால் வைகாசியில் கூத்து வைத்தார்கள். அவர் கையில்தான் காப்புக் கட்டினார்கள். தாமல் பக்கத்திலிருந்து கூத்து ஜமா வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. முதல் நாள் எங்கள் வீட்டில்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தம்பிமார்களுக்குச் சேரவேண்டிய நிலத்தைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்துச் சண்டையில் சாகிற ராஜாவின் கதை. காப்புக் கட்டிவிட்டால் அந்த ராஜாவின் பேரை எங்கள் ஊரில் உச்சரிக்கமாட்டோம், பெரிய ராஜா என்போம். கடைசி நாள் காலையில் அவரை மண்ணால் ஆளைவிடப் பெரிதாகச் செய்து தரையில் படுக்கவைப்பார்கள். அதற்குப் படுகளம் என்று பேர். அம்மன் வேஷம் கட்டியவர் அவர் தொடைமேல் ஏறி நின்று கூந்தல் முடிவார். முடிந்ததும் ஆளாளுக்கு அந்த மண்ணில் ஒரு பிடி பிய்த்துக்கொண்டுபோய் நெல் கொட்டுகிற இடத்தில் போடுவோம். விளைச்சல் பெருகும்.

தூதுக் கூத்தில் பெரிய ராஜா சபையில் உட்கார்ந்து, ஊசி முனை குத்துகிற இடம்கூடத் தரமாட்டேன் என்று கர்ஜிப்பார். பக்கத்தில் கட்டியக்காரன் நிற்பான். ராஜா வருவதைக் கூவி அறிவிப்பது அவன் வேலை. ராஜாவின் சம்பளக்காரன்தான், ஆனால் ராஜாவையும் கிண்டல் பண்ணலாம், ஊரையும் கிண்டல் பண்ணலாம். கோணல் குல்லாய் போட்டவனை யார் போய்க் கேட்பது? அந்த வேஷம் கட்டியது ஜமாவுக்கே வாத்தியாரான பஞ்சாட்சரம்.

ராஜா கர்ஜித்து முடித்ததும் அவர் முன்னால் வந்து ஜனங்களைப் பார்த்துப் பேசினார்.

"கேளு ராஜா. தரமாட்டேன்னு நீ சபையில நின்னு சொன்னே. அத்தொட்டு நீ யோக்கியன். இந்த ஊர்ல ஒரு ராஜா கீறாரு. நெத்தி நெறைய விபூதி. கோடை மழ பேஞ்சா போதும், விடியறதுக்குள்ள மம்முட்டிய எட்த்துக்கினு பூடுவாரு. அவுரு யாருக்கும் தரமாட்டேன்னு சொல்லல. ஊசி முனை ஊசி முனையா எட்த்துக்கினுதான் கீறாரு. யாராண்ட? தட்டிக் கேக்க மாட்டாங்கன்னு பொம்பள சொத்தாண்ட. வரப்பு மேல ஒரு மரம் நின்னுச்சு. இப்போ அது யார் நிலத்துல நிக்குது, அத்த மட்டும் கேட்டுச் சொல்லு ராஜா."

ஜனம் கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். சிரித்துக்கொண்டே திரும்பினால் இவர் துண்டை உதறுகிறார்.

மறுநாள் காலையில் நாஷ்டா வைத்தேன். தொடவில்லை. காப்புக் கையோடு யாரிடமும் சண்டை போடக் கூடாது என்பதால் சத்தம் போடாமல் பேசினார். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் புதிது.

"கட்டியக்காரன் நம்ம வூட்ல சாப்ட்டானே, அன்னிக்கி நீ அவன்கிட்ட இன்னா பேசினே?"

குழம்பு போதுமா என்று கேட்டேன், வேறென்ன பேசுவேன் என்றேன். பேசிய என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் திருடி, அவர் போலீஸ்காரர் என்கிற மாதிரி.

"யாரோ சொல்லிக் குடுத்துக்கீறாங்க," என்றார்.

"இன்னாத்தச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

எழுந்துபோய்க் கை கழுவினார், சாப்பிடாத கையை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன தெரிந்துவிட்டது என்று அவர் பயந்தாரோ, அதை அவர் முகமே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் ஊரைச் சலித்தார். டீக்கடையில் உட்கார்ந்து, கட்டியக்காரன் யார் யாரோடு பேசினான் என்று விசாரித்தார். வண்ணாரத் தெருவரைக்கும் போனார். தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டார். சிரிக்காவிட்டால், சிரிப்பை அடக்குகிறான் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கண்டுபிடித்துவிட்டிருந்தார். தூதுக் கூத்தன்று ஜமாவுக்குச் சோறு போட்டது என் அண்ணன் வரதன் வீடு. சோறு தின்ற அன்றைக்கே கட்டியக்காரன் பேசியிருக்கிறான். அப்புறம் வேறு சாட்சி எதற்கு?

"அவன் பையனுக்கு நம்ம பொண்ணு கெடையாது. ஆவணியில கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. படுகளம் முடிஞ்சு காப்பு அவுத்ததும் நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

இதைச் சொல்லும்போது பவளம் அடுப்படியில் இருந்தாள். என் ஒரே மகள். அண்ணன் மகன் ராஜாராமுக்கு அவளைக் கொடுப்பது அவள் பிறந்தபோதே பேசியது, பஸ் கண்டக்டர் வேலை கிடைத்ததும் நாள் குறித்தது. அவள் தேய்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்த்தாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. என் பிறந்த வீடும் என் பெண்ணின் வாழ்க்கையும் ஒரு கோமாளி சொன்ன நாலு வார்த்தையில் போய்விடுமா? காப்பு அவிழ்க்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது, அதற்குள் நான் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். எங்கள் கழனிக்குக் கிழக்கே சிட்டம்மாள் நிலம். புருஷன் போனபின் தனியாகப் பயிர் வைக்கிறவள். இரண்டுக்கும் நடுவில் வரப்பு, வரப்பின்மேல் ஒரு வேப்பமரம். நான் மருமகளாக வந்த புதிதில் அந்த மரத்தடியில், வரப்பிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் மரம் எங்கள் கழனிக்குள் நிற்கிறது. வரப்பு அதைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கிறது.

இதை எப்படிச் செய்வார்கள் என்று பயிர் வைக்கிற யாருக்கும் தெரியும். மழை பெய்து மண் இளகியதும் வரப்பின் ஓரத்தைச் செதுக்கிக் கழிப்பது வழக்கம். நம் பக்கம் கொஞ்சம் அதிகமாகக் கழித்து, அந்த மண்ணை எதிர்ப்பக்கம் அணைத்துவிட்டால் வரப்பு கொஞ்சம் நகரும். வருஷம் ஒருமுறை செய்தால் கண்ணுக்கே தெரியாது. மரம் மட்டும்தான் நகராமல் நின்று காட்டிக்கொடுக்கும்.

சிட்டம்மாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் மரத்தையே பார்ப்பதைப் பார்த்தாள். நானும் வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் யாராண்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. உங்க வூட்டு வைக்கோல்லதான் என் மாடு உசிரோட கீது," என்றாள்.

எனக்கு மானமே போய்விட்டது. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வருஷா வருஷம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வைக்கோல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த வைக்கோலைக் கட்டிக் கொடுத்து, ஐயோ பாவம் என்று சொல்லி அனுப்பியவள் நான். என் வீட்டுக்காரரை அந்த நிமிஷம் மண்வெட்டியாலேயே அடித்திருப்பேன்.

ஆனால் பவளம்? இவர் செய்தது இவருக்கு. அதற்கு என் அண்ணன் என்ன பண்ணுவான்? அவன் சொல்லியே இருந்தாலும் உண்மையைத்தானே சொன்னான்? அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி அம்முலு வாசலிலேயே நின்று தண்ணீர் கொடுத்தாள். வழக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டுபோய்த் தட்டு வைக்கிறவள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது, வேண்டுமென்றே இருமுகிற இருமல். நான் கூப்பிட்டதும் வெளியே வராமல் உள்ளிருந்தே ஒரு கேள்வி கேட்டான்.

"கட்டியக்காரன் உங்க வூட்ல சாப்ட்டானே, நீ அவன்கிட்ட இன்னா பேசினே?"

இதே கேள்வியை இதே குரலில் என் வீட்டுக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். இந்தக் கேள்வி இவனுக்கு எதற்கு? இவர் சந்தேகப்படுவது காதுக்கு எட்டி, கோபத்தில் கேட்கிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனசில் முள் தைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சொல்லிக் கொடுத்தது யார் என்று கட்டியக்காரனிடமே கேட்டுவிடுவது என்று.

மத்தியான வெயில். வேஷக்காரர்கள் எல்லாம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ராஜா வேஷத்தின் தோளில் கட்டுகிற மரக் கட்டையில் உதிர்ந்துபோன கண்ணாடிச் சில்லுகளைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். குல்லாயும் மாவும் இல்லாமல் பார்த்தால் எந்த ஊர்ச் சந்தையிலும் பார்க்கக்கூடிய முகம். இரவெல்லாம் அப்படிப் பேசினவர் இவரா என்று சந்தேகம் வந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "வரப்பு விஷயத்த உங்களுக்கு யாரு சொன்னாங்க வாத்தியாரே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒவ்வொரு ஊர்லயும் யாராச்சும் வந்து இத்தக் கேட்டுக்கினுதான் கீறாங்க. பொம்பள வந்து கேக்கறது இதான் மொத தபா. யாரும் சொல்லலம்மா. எங்க அப்பா காலத்துலேர்ந்து இதே பேச்சுதான். ஆடற ஊர்லல்லாம் இதேதான்."

என்னால் நம்ப முடியவில்லை. மரம் எப்படித் தெரியும் என்றேன். வரப்பில் மரமில்லாத ஊர் எது என்று திருப்பிக் கேட்டார். நெற்றி நிறைய விபூதி? அம்மன் கோயில் கூத்துக்கு வெறும் நெற்றியோடு யார் வருவார்கள் என்றார். கோடை மழை பெய்தால் மண்வெட்டி எடுக்காதவன் யார் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார்.

"பொம்பள சொத்துன்னு சொன்னீங்களே?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "அது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதாம்மா கீது," என்றார்.

பிறகு பேச்சை மாற்றுகிறவர் போலப் பழையசீவரத்தில் ஆடினதைப் பற்றிச் சொன்னார். மெட்ராஸிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் டேப் ரிகார்டர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாராம். சீனாக்காரன் கூத்திலும், ஜாவாவில் தோல் பொம்மை ஆட்டத்திலும், வெள்ளைக்காரன் நாடகத்திலும், நம் பழைய சமஸ்கிருத நாடகத்திலும் ராஜா பக்கத்தில் நின்று கேலி பேசுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்றாராம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே இத்தனை தேசத்துக்காரனுக்கும் இது எப்படித் தோன்றியது என்று அவருக்கு ஆச்சரியமாம்.

"எனக்கு ஆச்சரியமா இல்லம்மா. அந்த ஊர்லயும் வரப்பு கீதுல்ல?" என்றார் பஞ்சாட்சரம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யாருமே சொல்லாத ஒன்றுக்காக என் பெண்ணின் கல்யாணத்தை ஒருத்தர் நிறுத்தப் போகிறார். வீட்டுக்குப் போய் இவரை உலுக்க வேண்டும் என்று திரும்பினேன். திரும்பியவள் நின்றேன். அண்ணன் கேட்ட கேள்வி முள்ளாகக் குத்தியது.

"நீங்க அந்தப் பேச்சு பேசறப்போ எங்க வூட்டுக்காரர் எழுந்து போனாரு. அவரு ஒருத்தர்தானா?"

பஞ்சாட்சரம் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நான் அப்போ ராஜாவப் பாக்கமாட்டேன். ஜனத்தத்தான் பாப்பேன், எவன் சிரிக்கலன்னு. உங்க ஊர்ல நாலு பேரு எழுந்தாங்க. ஒருத்தரு கையில காப்பு, அது தெரிஞ்சிது."

"மத்தவங்க?"

"அன்னிக்கிச் சோறு தின்ன வூட்டப் பத்தி என் வாயால சொல்லக் கூடாதும்மா. கேக்காத."

சொல்லாமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சோறு தின்றது என் அண்ணன் வீட்டில்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எனக்கு மஞ்சக்காணி நிலம் இருக்கிறது. கல்யாணத்தின்போது மகளுக்கென்று அப்பா எழுதிக் கொடுத்தது. மாமனார் நிலத்தில் கால் வைக்கமாட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு வீறாப்பு, அதனால் வாரத்துக்கு விட்டிருந்தோம். எங்கள் பங்கு நெல் வீட்டுக்கு வந்துவிடும், நாங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதை ஒட்டி மேற்கே அண்ணன் நிலம். நடுவில் வரப்பு, வரப்பில் ஒரு பனைமரம். அந்தப் பனைக்கு அடியில் நின்று, இந்தாண்டை உனக்கு, அந்தாண்டை உன் அண்ணனுக்கு என்று அப்பா கை காட்டியது எனக்கு மறக்கவில்லை.

வெயிலில் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். போகும்போதே, இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டேதான் போனேன். பனைமரம் அண்ணன் நிலத்துக்குள் நின்றது. வரப்பு என் பக்கம் வந்து, புதுசாக அணைத்த மண் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நிலம் போனதற்கு அழவில்லை. அண்ணன் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று நம்பியிருக்கிறான் பாருங்கள், அதற்கு அழுதேன். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பான், வாங்கிக்கொண்டு காலில் விழுவேன். இப்போது நான் கட்டியக்காரனிடம் சொல்லிவிட்டேன் என்று அவன் என்மேல் சந்தேகப்படுகிறான். இவர் அவன்மேல் சந்தேகப்படுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அழுகை நின்றதும் வெறும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இவரிடம் சொன்னால் அண்ணன் திருட்டைப் பிடித்துக்கொண்டு தன் திருட்டை மறந்துவிடுவார். அண்ணனிடம் சொன்னால் அவனும் அதையேதான் செய்வான். இரண்டு பேரையும் நான் அறிவேன். ஒருத்தரை ஒருத்தர் காட்டி இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள், கல்யாணமும் நிற்கும், சிட்டம்மாள் வைக்கோலே வாங்கிக்கொண்டிருப்பாள்.

படுகளத்தன்று காலையில் ஊரே திரண்டிருந்தது. பெரிய ராஜா மல்லாந்து படுத்திருந்தார், கண்ணுக்கு முட்டை ஓடு, மீசைக்குக் கரி. இவர் காப்புக் கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றார். அண்ணன் கால்மாட்டில் நின்றான், உடம்பு சரியில்லாதவன். இருவர் நெற்றியிலும் விபூதி நிறைய இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். கூந்தல் முடித்து அம்மன் வேஷக்காரர் இறங்கியதும் ஜனம் மண்ணுக்குப் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். தொடையிலிருந்து இரண்டு பெரிய கட்டி பிய்த்தேன்.

காப்பு அவிழ்க்கப் பூசாரியிடம் போய்க்கொண்டிருந்தவரைக் கூட்டத்துக்கு வெளியே கூப்பிட்டேன். அண்ணனையும் கூப்பிட்டேன். பவளம் என் பின்னாலேயே வந்து நின்றாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டியைக் கையில் வைத்தேன்.

"பெரிய ராஜாவோட மண்ணு. வூட்டுக்கு எட்த்துக்கினு போவ வேணாம். ரெண்டு பேரும் நேரா கழனிக்குப் போயி, மரம் நிக்குதே, அதும் அடியில போடுங்க. எந்த மரம்னு நான் சொல்லமாட்டேன். அந்த மரத்து மேல வரப்பு திரும்ப வந்தாதான் ஆவணியில என் பொண்ணு கழுத்துல தாலி ஏறும். கட்டியக்காரனுக்கு யாரும் சொல்லல. நீங்க எழுந்து போனீங்களே, நீங்கதான் சொன்னீங்க."

இவர் வாயைத் திறந்தார். 'மச்சான் பண்ணதுக்கு' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் நான் 'ரெண்டு பேரும்' என்று சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இவரைப் பார்த்தான். நீயுமா என்று இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அண்ணன் என் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. கையிலிருந்த மண் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "மச்சான், வூட்ல மம்முட்டி எத்தினி கீது?" என்று கேட்டார்.

"ரெண்டு கீது மாப்ள," என்றான் அண்ணன்.

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பவளத்தை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, போகிற வழியில் சிட்டம்மாளையும் கூப்பிட்டுக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். என் கண் முன்னால் வெட்டினால்தான் நம்புவேன்.